தீனபந்து ஆண்ட்ரூஸ்

பிறர் துயர் கண்டு இரங்குவது எளிது. அத்துயரைத் தன் துயராகக் கொள்வது அரிது. அதனினும் அரிது, பிறர் உயர்வைத் தன் உயர்வாக எண்ணிக் களிப்பது. பவுல் அடிகள் ரோமாபுரிச் சபையாருக்கு விதித்த தர்மம் இவ்விரண்டுமே. ஆளும் ஜாதியிற் பிறந்த ஆங்கிலேயர் ஒருவர் அத்தர்மத்தை நம் தேசத்தில் அனுஷ்டித்துக் காட்டினார். அவரே சார்லஸ் பிரீர் ஆண்ட்ரூஸ்.

1871ம் வருஷம் பிப்ரவரி 12ந் தேதி நியூகாசில் நகரிற் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, குருப்பட்டம் பெற்ற அவர், 1904ல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கலாசாலைக்கு ஆசிரியராக வந்தார். 1906ல் அக்கலாசாலைக்குப் புதிய தலைவர் தேவையாயிற்று. அத்தகைய பதவி வெள்ளையர்க்கே உரியதென்பது அக்கால வழக்கம். ஆண்ட்ரூஸோ தம் நண்பர் சுசீல் குமார் ருத்ராவே தக்கவரென்று வாதாடி, அவர்கீழ்த் தாம் பணி புரிந்தார். பிறர் மகிழ்ச்சியிற் பங்கு கொள்ளுதல் இதுவன்றோ!

கோகலேயின் விருப்பப்படி, பியர்ஸனுடன் 1914 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா சேர்ந்தார். டர்பன் துறைமுகத்தில் காந்தியடிகளின் பாதங்களைத் தொட்டு வணங்கினார். அங்கிருந்த வெள்ளையர் சினந்தனர். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் வாடிய ஒப்பந்தக் கூலிகளிற் பெரும் பகுதியார் தமிழர் என்பதை நாம் மறத்தற்கில்லை. ஒப்பந்தம் தீர்ந்தவர் மீது சுமத்தப்பட்டிருந்த 3 பவுன் வரி அவ்வாண்டே ஒழிந்தது. அச்சமரசத்திற்கு ஆண்ட்ரூஸ் அரும்பாடுபட்டார். அவர் அங்கே அந்நியர் துயர் தீர்க்க உழைத்துக் கொண்டிருக்கையில், இங்கிலாந்தில் அவருடைய அன்னையார் காலமானார். அருகிருக்கும் பேறு மகனுக்குக் கிட்டவில்லை.

1915லும் 1917லும் பீஜித் தீவுக்குச் சென்று, கூலி லயன்களின் அவல நிலையை நேரிற் கண்டு உலகறியச் செய்தார். 1917ல் ஆள் சேர்ப்பு நின்றது; 1920 ஜனவரி 1ந் தேதி எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. தீனபந்து என்னும் பெயர் அவருக்கே உரியதாயிற்று.

அன்பு காரணமாக அவர் உண்மையை மறைத்ததுமில்லை. 1921ல் அந்நியத் துணிகளை எரிப்பது தகாதென்று காந்தியடிகளிடமே எடுத்துரைத்தார். ஆயினும் நட்பு குன்றவில்லை. 1924ல் ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக அடிகள் டில்லியில் 21 நாள் உபவாசமிருந்தபோது, ஆண்ட்ரூஸ் உடனிருந்தார். விரதம் முடிந்த அன்று குர்ஆனும் உபநிஷதமும் ஓதப்பட்ட அவ்வறையிலே, சிலுவையைப் போற்றும் கீதத்தை அவர் பாடினார். பிறருடன் ஒன்றாவதற்கு அவர் தம் சமயத்தை விடவில்லை. அச்சமயமே அவரைப் பிறருடன் ஒன்றாக்கிற்று.

1940 ஏப்ரல் 5ந் தேதி கல்கத்தாவில் அவர் கண் மூடினார். அவரைப் போற்றுவது நமக்கு எளிது. அயலான் வீட்டில் விளக்கெரியும்போது மகிழவும், அது அணையும்போது கதவு தட்டி உள்ளே செல்லவும் நாம் அறிந்திருக்கிறோமா? அவர் வாழ்வு நம்மைக் கேட்கும் கேள்வி இதுவே.