மண்ணை அளந்த முக்கோணங்கள்

நுழையும்முன்

திருவண்ணாமலைக்கு வருவோர் ஊரை அடையும் முன்பே மலையைக் கண்டுவிடுவர். மலையைச் சுற்றிச் செல்லும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அதனை நடந்தே அளந்துவிடலாம். கோவிலின் கிழக்கு இராசகோபுரம் 217 அடி. அதன் உச்சியிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டும் அளந்துவிடலாம். ஆனால், கடல்மட்டத்திலிருந்து 2,668 அடி உயர்ந்து நிற்கும் மலையுச்சியிலிருந்து எந்தக் கயிற்றைத் தொங்கவிடுவது? சமவெளியில் ஒரு கோட்டை அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் உச்சியை நோக்கிக் கோணங்களைக் கணித்தால் போதும். எஞ்சியதை முக்கோணவியல் சொல்லிவிடும். வகுப்பறையில் நாம் பயிலும் இந்த எளிய முறையைக் கொண்டு, தமிழ் மண்ணில் தொடங்கிப் புவியின் வடிவத்தையே அறிய முயன்றவர் வில்லியம் லாம்டன்.

படைவீரரும் கணிதமும்

லாம்டன் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் வட யார்க்சயரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். படையில் சேர்ந்து அமெரிக்கா சென்று, அந்நாட்டு விடுதலைப் போரில் சிறைப்பட்டார். பின்னர்க் கனடாவில் பணியாற்றிய நீண்ட ஆண்டுகளில் கணிதமும் வானியலும் புவியளவையும் தாமே பயின்று தேர்ந்தார்.

1799இல் சீரங்கப்பட்டணப் போரில் இவரும் இருந்தார். ஓர் இரவில் ஆங்கிலேயப் படை வழிதவறித் திப்புவின் பாசறையை நோக்கிச் சென்றது. விண்மீன்களின் நிலையைக் கண்ட லாம்டன், திசை மாறிவிட்டதை உணர்ந்து தம் தளபதிக்கு எடுத்துரைத்தார். படை திரும்பியது. வானத்தைக் கொண்டு நிலத்தில் தம் இடத்தை அறியும் இக்கலையே அவருடைய எஞ்சிய வாழ்வின் பணியாயிற்று.

போர் முடிந்ததும், தென்னிந்தியாவைக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். புதிதாகக் கைப்பற்றிய நிலங்களுக்கு நிலப்படம் வேண்டும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேவை. லாம்டனின் நோக்கமோ அதனினும் விரிந்தது. புவி முழு உருண்டையன்று, நடுவில் சற்றுப் புடைத்தும் துருவங்களில் தட்டையாகவும் இருக்கும் என்பது நியூட்டனின் முடிவு. அப்புடைப்பு எவ்வளவு என்பதைத் துல்லியமாக அறிய நிலநடுக்கோட்டுக்கு அருகிலும் அளவைகள் தேவைப்பட்டன. தென்னிந்தியா அதற்கு ஏற்ற இடமாக அமைந்தது.

பரங்கிமலையில் ஒரு கோடு

முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிடலாம். அப்பக்கங்கள் ஒவ்வொன்றும் அடுத்த முக்கோணத்திற்கு அடித்தளமாகும். எனவே, முதற்கோட்டை மட்டும் தரையில் அளந்தால் போதும். ஆனால், அதில் நேரும் சிறுபிழையும் பின்வரும் எல்லா முக்கோணங்களிலும் பெருகும்.

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையின் அருகில் அம்முதற்கோட்டை அளக்கும் பணி தொடங்கியது. கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நானூறு முறை வைத்து எடுத்தனர். சங்கிலி தரையில் படாதவாறு மரப்பெட்டிகளில் அதனைத் தாங்கி நிறுத்தினர். வெயில் படாமல் கூடாரமிட்டனர். அருகில் வெப்பமானிகளை வைத்தனர். இத்தனை கவனம் எதற்கு? வெப்பம் பத்துப் பாகை செல்சியசு உயர்ந்தால், நூறு அடி எஃகு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். நானூறு முறை வைக்கும்போது அது ஒரு மீட்டருக்கும் மிகுந்த பிழையாகிவிடும். சித்திரை வெயிலை நிறுத்த இயலாது; ஆனால், அது விளைக்கும் பிழையைக் கணக்கிட்டுக் கழிக்க இயலும். லாம்டன் செய்தது அதுவே.

கோணங்களை அளக்க இலண்டனிலிருந்து வந்தது, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் பெருங்கோணமானி. வரும்வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீசியசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அக்கருவி, அறிவியற்கருவி என்பதனால் நல்லெண்ணத்துடன் திருப்பி அனுப்பப்பட்டது.

கோளத்தின் மேல் முக்கோணம்

சமதளத்தில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வரும். வளைந்த புவியின்மேல் வரையும் முக்கோணத்தில் கூட்டுத்தொகை அதனைவிடச் சற்று மிகும். பக்கத்திற்கு ஐம்பது கிலோமீட்டர் கொண்ட முக்கோணத்தில் அம்மிகுதி ஏறத்தாழ ஐந்தரை விகலை. ஒரு பாகையில் 3,600 விகலைகள் உள்ளன என்பதை எண்ணினால் அது எத்துணைச் சிறியது என்பது விளங்கும். லாம்டன் அதனையும் விடவில்லை. ஒவ்வொரு முக்கோணத்திலும் அதற்கேற்பத் திருத்தம் செய்தார்.

கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து வடக்கு நோக்கி அவர் ஒரு நெடுக்கோட்டை அளந்தார். கோட்டின் இரு முனைகளிலிருந்தும் ஒரே விண்மீனின் நிலையை நோக்கினால், இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அக்கோடு புவியில் எத்தனை பாகை என்பதைக் காட்டும். முக்கோணங்கள் அதன் நீளத்தைத் தரும். நீளத்தைப் பாகையால் வகுத்தால் ஒரு பாகையின் நீளம் கிடைக்கும். இந்நீளம் நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். நூற்றில் ஒரு பங்கே ஆன இவ்வேறுபாட்டில்தான் புவியின் வடிவம் ஒளிந்திருந்தது.

பயன் என்ன என்னும் வினா

இப்பணிக்குப் பொருள் செலவாயிற்று, காலமும் நீண்டது. சென்னையின் நிதிக்குழுவில் ஒருவர், சீரங்கப்பட்டணம் செல்ல விரும்புபவர் பல்லக்குத் தூக்குவோரிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், அதற்கு லாம்டனின் நிலப்படம் எதற்கு என்று எள்ளினார். அவ்வினாவிற்கு முக்கோணங்களே விடையளித்தன. முக்கோணச் சங்கிலி மேற்குக் கரையை எட்டியபோது, தீவக்குறையின் அகலம் 360 மைல் எனத் தெரிந்தது. பழைய நிலப்படங்கள் அதனை நாற்பது மைல் மிகுத்துக் காட்டியிருந்தன. பெங்களூருவில் 1804இல் இரண்டாவது கோடு ஒன்றைத் தரையில் அளந்து, சென்னையிலிருந்து கணக்கிட்டுவந்த நீளத்துடன் ஒப்பிட்டனர். ஏழு மைலுக்கு மேற்பட்ட நீளத்தில் வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவாகவே இருந்தது.

தஞ்சையில் நேர்ந்த இடர்

குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோவில் கோபுரங்களே நோக்குமேடைகளாயின. 1808இல் தஞ்சைப் பெருவுடையார் கோவிலில் கருவியை மேலேற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணங்களைக் காட்டும் பெருவட்டம் வளைந்துபோயிற்று. பிழைபட்ட கருவி காட்டும் கோணம் எதுவாயினும் அது பொய்யே. ஆறு ஆண்டு உழைப்பு அங்கேயே நின்றுவிடக்கூடும் என்ற நிலை. லாம்டன் தனித்திருந்து, ஆப்புகளும் திருகுகளும் கொண்டு வட்டத்தை இம்மி இம்மியாக இழுத்து, ஆறு வாரங்களில் மீண்டும் உருவமைத்தார். பணி குமரிமுனை நோக்கித் தொடர்ந்தது. பின்வந்தோர் தென்பகுதி அளவைகளை மீண்டும் சோதித்தனர். அறிவியலில் எவருடைய அளவையும் மறுசோதனைக்கு அப்பாற்பட்டதன்று.

இப்பெரும்பணி லாம்டன் ஒருவருடையது மட்டுமன்று. சென்னையின் அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்களும், கொடி பிடித்தோரும், கருவியைச் சுமந்து மலையேறியோரும் அதில் பங்குகொண்டனர். காய்ச்சலுக்கு இரையானோர் பலர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் ஏடுகளில் இல்லை.

எஞ்சிய பிழை தந்த அறிவு

1818இல் இப்பணி இந்தியப் பெரு முக்கோணவியல் அளவை என்னும் பெயர் பெற்றது. எழுபதை நெருங்கிய அகவையிலும் ஓயாத லாம்டன், வடக்கு நோக்கிச் செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிரத்திலுள்ள இங்கன்காட்டில் 1823 சனவரி 20 அன்று மறைந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். முக்கோணங்கள் இமயத்தை எட்டின. வங்கத்தைச் சேர்ந்த கணிதவல்லுநர் இராதாநாத் சிக்தர் முதலியோரின் கணக்கீட்டால், உலகின் உயர்ந்த சிகரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. இன்றைய கருவிகள் காட்டும் உயரத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ முப்பது அடியே.

வட இந்திய அளவையில் ஒரு சிக்கலும் எழுந்தது. முக்கோணங்கள் காட்டிய தொலைவுக்கும் விண்மீன்கள் காட்டிய தொலைவுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து விகலை வேறுபாடு நின்றது. இமயத்தின் ஈர்ப்பு தூக்குநூலைச் சாய்த்திருக்கலாம் எனக் கருதி, ஜான் பிராட் அவ்வீர்ப்பைக் கணக்கிட்டார். கணக்கில் வந்த சாய்வோ கண்ட சாய்வைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. அவ்வளவு பெரிய மலை ஏன் அவ்வளவு குறைவாக ஈர்க்கிறது? மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை ஆழ வேரூன்றி இருக்கக்கூடும் என்னும் கருத்து 1855இல் பிறந்தது. புவியோட்டின் சமநிலை பற்றிய இன்றைய கோட்பாட்டிற்கு அதுவே வித்திட்டது. ஐந்து விகலையைப் பொருட்படுத்தாது விட்டிருந்தால், மண்ணுக்கு அடியில் இருப்பதை அறியும் அவ்வழி அன்று திறந்திராது.

திருவண்ணாமலைச் சமவெளியில் நின்று கோணமானியால் மலையுச்சியை நோக்கும் மாணவர் எவரும் இவ்வழியின் முதற்படியில் நிற்கிறார். அவர் அளக்கும் கோணம் சற்றுப் பிழைபடலாம். பிழை எங்கிருந்து வந்தது என்று தேடி, மறுபடியும் அளப்பதே லாம்டனின் வாழ்வு காட்டும் நெறியாகும்.