இரண்டாயிரம் ரூபாயில் ஒரு கார்!

கோவை ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கைக் கதை

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துப் புதுச்சேரியில் 'பூஸ்-பூஸ்' என்று ஒரு வண்டி ஓடியது. சின்னச் சக்கரங்கள், மேலே ஓர் ஆசனம், முன்னால் திசை திருப்ப ஒரு நீண்ட பிடி. அமர்ந்திருக்கும் துரை பிடியைத் திருப்புவார். பின்னால் ஒரு ஏழைத் தமிழன் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடுவான். பெட்ரோல் செலவு கிடையாது. செலவானது மனிதனின் மூச்சு!

பிறகு மோட்டார் கார் வந்தது. தள்ளுகிறவனுக்கு வேலை போயிற்று. ஆனால் காரில் ஏறியவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள்தாம். அதிகாரிகள், பெரிய வியாபாரிகள், நிலச்சுவான்தார்கள்.

இன்று அப்படியில்லை. முத்தியால்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் சம்பளக்காரர் வீட்டு வாசலில் ஒரு சின்னக் கார் நிற்கிறது. குடும்பத்தோடு கடலூருக்குக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். விழுப்புரம் போய் ரயில் ஏறுகிறவர்களைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

இப்படி ஒரு காலம் வரவேண்டும் என்று எண்ணி, அதற்கென்று ஒரு காரையே செய்து காட்டினார் ஒரு தமிழ்நாட்டுக்காரர். அது நடந்தது 1952-இல். அவர்தாம் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமம். அங்கே 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பப் படிப்போடு ஏட்டுக் கல்வி நின்றுவிட்டது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. கையில் கிடைத்த புத்தகங்களைத் தாமே படித்தார். கண்ணில் பட்ட யந்திரங்களை உற்றுப் பார்த்தார்.

ஒருநாள் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். 'ரட்ஜ்' என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் வண்டி அது. மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி ஓடுகிறது! கிராமத்து வாலிபரின் மனம் அந்த வண்டியின் பின்னாலேயே ஓடியது.

அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். பணம்? கோவைக்குப் போனார். ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசைக் காசாகச் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்தது. வண்டி கைக்கு வந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஊரைச் சுற்றி வந்திருப்பார்கள். இவர் அதைக் கழற்றிப் போட்டார்! ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்தார். எது எதை இயக்குகிறது என்று பார்த்தார். மீண்டும் பூட்டினார். அவருடைய என்ஜினீயரிங் காலேஜ் அந்த ஒரு மோட்டார் சைக்கிள்தான்.

ஒரு பஸ், பிறகு 280 பஸ்

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். பம்பாய் வரை போனார். நஷ்டம்! கையைச் சுட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

கோவையில் அப்போது பெரிய தொழில் அதிபராக இருந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவருடைய உதவியோடு 1920-இல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே!

'யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்று பெயர் வைத்தார். யு.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் கிடையாது. அந்தக் கம்பெனி 280 பஸ்கள் வரை வளர்ந்தது.

பஸ் தொழிலில் பகட்டுக்கு இடமில்லை. ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் ஓடுகிறது? எத்தனை பேர் உட்காரலாம்? வழியில் நின்றுவிட்டால் பழுது பார்க்க எத்தனை மணி நேரம்? உதிரிச் சாமான் எங்கே கிடைக்கும்? முதலாளி லாபத்தில் நடப்பதும் கடனில் முழுகுவதும் இந்தக் கேள்விகளைப் பொறுத்தது. வண்டியை எடை போடுவதற்கு இதைவிடக் கடினமான பள்ளிக்கூடம் வேறு எது?

மலிவு என்றால் மட்டமா?

நாயுடு வெளிநாடுகளுக்குப் போனார். தொழிற்சாலைகளைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் தாமே பொருள்கள் செய்யத் தொடங்கினார்.

'ரசாந்த்' என்ற மின்சார சவர யந்திரம் வந்தது. பாட்டரியில் ஓடும் சிறிய மோட்டார் அதற்குள் இருந்தது. டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937-இல் இந்தியாவிலேயே மின்சார மோட்டார் உருவாக்கினார். கோவை இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற ஊர். அந்தப் பெயருக்கு விதை போட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் யந்திரம் என்று அவருடைய பட்டியல் நீளும்.

1941-இல் ஓர் அறிவிப்புச் செய்தார். ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்றார். ரேடியோ என்பது பங்களாக்களில் மட்டும் பாடிய காலம் அது!

சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையை முதலில் முடிவு செய்வது. பிறகு அந்த விலைக்குள் பொருளைச் செய்வது. இதுதான் நாயுடுவின் வழி. அதே வழியில் அவர் மோட்டார் காருக்கு வந்தார்.

இருபது மாதச் சம்பளம்

1952-இல் கோவையில் அந்தக் கார் தயாராயிற்று. பெட்ரோலில் ஓடும் கார். இரண்டு பேர் உட்காரலாம். விலை ரூ.2,000 மட்டுமே!

இந்த விலை உண்மையில் மலிவுதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் நூறு ரூபாய் சம்பளம் வாங்கிய ஒரு குமாஸ்தாவுக்கு அது இருபது மாதச் சம்பளம். சின்னப் பணம் அல்ல. ஆனால் சீட்டுக் கட்டியும் கடன் வாங்கியும் எட்டிப் பிடிக்கக்கூடிய பணம். மற்ற கார்களோ அவருடைய கனவிலும் வராத விலையில் இருந்தன.

இன்றைய நிலையைப் பாருங்கள். பின்கதவு மேலே திறக்கும் சின்னக் கார்களை ஹேட்ச்பேக் என்கிறோம். அவற்றில் மலிவானவை நான்கு லட்சம் ரூபாய் அளவில் தொடங்குகின்றன. மாதம் இருபதாயிரம் வாங்குகிறவருக்கு அதுவும் இருபது மாதச் சம்பளந்தான்! நாயுடு குறித்த அளவு எவ்வளவு சரியானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு ஆசனம் போதுமா? கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்த மாமியார் என்று இருப்பது நம் குடும்பம். டாக்டருக்கும் வியாபாரிக்கும் அந்தக் கார் பொருந்தும். குடும்பத்துக்கு அது அடுத்த படி வளரவேண்டியிருந்தது. ஆனால் வளருவதற்கு முன் பிறக்க வேண்டுமே!

லைசென்ஸ் கிடைக்கவில்லை

கார் தயாரிக்க சர்க்கார் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றது.

சர்க்கார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. நாட்டில் இரும்புக்குப் பஞ்சம். அந்நியச் செலாவணிக்கும் பஞ்சம். காரைவிட லாரியும் பஸ்ஸும் அவசியம் என்று நினைத்தார்கள். பல கம்பெனிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதைவிடச் சில கம்பெனிகள் நிறையச் செய்வது நல்லது என்றும் எண்ணினார்கள். தொழில்களை ஒழுங்குபடுத்தும் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது.

நிறையச் செய்தால்தான் விலை குறையும் என்பதும் உண்மையே. அமெரிக்காவில் ஹென்றி போர்டு அதைக் காட்டினார். 1908-இல் அவருடைய 'மாடல் டி' காரின் விலை 850 டாலர். பதினைந்து லட்சம் அல்ல, ஒன்றரைக் கோடிக் கார்கள் செய்து விற்றார். விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது.

ஆனால் நம் நாட்டில் நடந்தது என்ன? கம்பெனிகள் சிலவாயின, கார்கள் பலவாகவில்லை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். விலையும் இறங்கவில்லை.

பிரான்சில் பிறந்த தம்பி

1952-இல் புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தப் பிரான்சு தேசத்தில் இதே எண்ணத்தோடு பிறந்த ஒரு கார் என்ன ஆயிற்று என்று பார்ப்பது பொருத்தம்.

அங்கே சித்ரோயன் கம்பெனியின் தலைவராக இருந்தவர் பியேர் பூலாங்ழே. குடியானவனுக்கு ஒரு கார் வேண்டும் என்றார். நிபந்தனைகள் கடுமையானவை. இரண்டு பேர், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோல். கூடை நிறைய முட்டையை வைத்து உழுத வயலில் ஓட்டினாலும் ஒரு முட்டை உடையக்கூடாது!

1948-இல் பாரிஸ் கண்காட்சியில் 'தூ-ஷுவோ' என்ற அந்தக் கார் வெளிவந்தது. 375 சி.சி. என்ஜின். குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும். கூரை துணிக் கூரை. தகரப்பெட்டி என்று கேலி செய்தார்கள். ஆனால் வாங்க வரிசையில் நின்றார்கள். 1990 வரை அது தயாராயிற்று. 38 லட்சத்துக்கு மேல் விற்றது.

பூலாங்ழேக்குப் பின்னால் ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தது. காரும் வீதிக்கு வந்தது. நாயுடுவின் கார் கோவையோடு நின்றது.

காலேஜும் கைத்தொழிலும்

ஒரு கார் போயிற்று என்று நாயுடு முடங்கிவிடவில்லை. அதற்கு முன்பே, 1944-இல், மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகித் தர்ம காரியங்களுக்குப் பணம் ஒதுக்கியிருந்தார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் என்ஜினீயரிங் கல்லூரி தோன்ற உதவினார். அதுவே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

அங்கேயும் அவருக்கு ஒரு சண்டை! நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டே வருஷத்தில் எல்லாம் கற்றுக் கொடுக்கலாம் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்பவில்லை. பதவியை விட்டு விலகினார். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் படித்தவருக்கு நாலு வருஷம் நீளமாகத் தோன்றியதில் வியப்பென்ன?

பப்பாளியிலும் பருத்தியிலும் பரிசோதனை செய்தார். தொழிற் கண்காட்சி அமைத்தார். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார்.

முப்பத்தோரு வருஷம் கழித்து

சின்னக் கார் வேண்டுமா, வேண்டாமா என்று டில்லியில் கமிட்டி போட்டு ஆராய்ந்தார்கள். 1959-இல் எல்.கே. ஜா தலைமையில் அமைந்த கமிட்டி அவற்றில் ஒன்று. வருஷங்கள் ஓடின. கடைசியில் 1983 டிசம்பர் 14-ந் தேதி மாருதி 800 வந்தது. 796 சி.சி. என்ஜின், நாலு பேர் தாராளமாக உட்காரலாம், விலை 50 ஆயிரம் ரூபாய் அளவில். பெட்ரோலும் குறைவாகக் குடித்தது. நடுத்தரக் குடும்பம் காரில் ஏறியது.

நாயுடுவின் கார் வந்த ஆண்டுக்கும் இதற்கும் இடையே 31 வருஷம். ஒரு தலைமுறை பஸ் நிறுத்தத்தில் நின்று கழித்த காலம் அது. அந்தத் தலைமுறைக்குச் சேரவேண்டிய வசதி கடையிலேயே வரவில்லை. நாயுடு பட்ட நஷ்டம் ஒரு மனிதரின் நஷ்டம் மட்டும் அல்ல.

விலை குறைந்தால் மட்டும் போதாது என்பதையும் பிறகு கண்டோம். 2008-இல் டாட்டா கம்பெனி ஒரு லட்ச ரூபாய்க் காரைக் காட்டியது. நானோ என்று பெயர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஏழையின் கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் வாங்க வருகிறவர் கூசினார்கள். 2018-இல் அதன் தயாரிப்பு நின்றது.

வாங்கப் போகிறீர்களா?

புதுவையில் பெட்ரோல் வரியும் வாகன வரியும் தமிழ்நாட்டைவிடக் குறைவு என்ற பெயர் வெகு நாளாக உண்டு. எல்லை தாண்டி வந்து டாங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் அநேகர். அந்தச் சலுகையை நம்பிப் பெரிய காராகப் பார்க்கும் ஆசை வருவதும் இயல்பு.

அப்போது பொள்ளாச்சி - பழனி பாதையில் பஸ் ஓட்டிய அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் காட்டும் மினுமினுப்பை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர்? மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? உதிரிச் சாமான் உள்ளூரில் கிடைக்குமா? தவணை கட்டியபின் அரிசிக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் மீதி இருக்குமா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு சின்னக் கார் சரியான பதில் சொன்னால், அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படி ஒரு காரை நமக்குக் கொடுக்கத்தான் ஓட்டலில் பரிமாறிப் பணம் சேர்த்த அந்தக் கலங்கல் கிராமத்து வாலிபர் ஆசைப்பட்டார்!