கடிகாரம் வரையத் தெரியாத பாட்டியும் மருத்துவர் முத்துலட்சுமியும்

பத்து ஆண்டுகளுக்கு முன், குளுவாங்கில் ஒரு மருத்துவரின் அறையில் என் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். பாட்டியிடம் ஒரு பென்சிலைக் கொடுத்துத் தாளில் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார்கள். மறதிநோயைக் கண்டறிய உலகெங்கும் செய்யப்படும் எளிய சோதனை அது. பாட்டி பென்சிலைப் பிடித்த விதத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. 76 வயதில் அவர் பென்சிலைப் பிடிப்பது அதுவே முதல் தடவை.

பாட்டியின் அண்ணன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனார். பாட்டியோ தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள லயத்து வீட்டிலேயே நிறுத்தப்பட்டார். கொஞ்சம் வளர்ந்ததும் பால் மரம் வெட்டப் போய்விட்டார். அன்று வெறுமையாகக் கிடந்த அந்தத் தாள் காட்டியது நோயையா, கிடைக்காமல் போன பள்ளிக்கூடத்தையா? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்போது நான் பல்கலைக்கழக மாணவன்.

சில மாதங்கள் கழித்து, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி எழுதிய தன்வரலாற்றைப் பற்றி அறிந்தேன். அந்நூல் 1964இல் வெளிவந்தபோது அவருக்கு 78 வயதை ஒட்டியிருந்தது. பாட்டி தன் பிள்ளைகளின் பெயர்களையே தேடித் தவித்த வயதில், இன்னொரு தமிழ்ப்பெண் தன் வாழ்க்கை முழுவதையும் நூலாக்கித் தந்திருக்கிறார். அவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பூப்பெய்தியதும் பெண் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமியும் நிறுத்தப்பட்டார். ஆனால் அவருடைய படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் கற்று, 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார்.

அடுத்த கதவு இன்னும் இறுக்கமாக மூடியிருந்தது. மகாராஜா கல்லூரி ஆண்களுக்கு உரியது. ஒரு பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் புறந்தள்ளி அனுமதி தந்தார். அக்கல்லூரியின் முதல் மாணவி முத்துலட்சுமிதான். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவராக வெளியே வந்தார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார்.

ஒரு தந்தை, ஒரு மன்னர், ஒரு கல்லூரி. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அவருடைய வாழ்க்கை என் பாட்டியின் வாழ்க்கையைப் போல ஆகியிருக்கலாம். அவருக்கே அது நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஏனெனில், தனக்குத் திறந்த கதவை மற்றப் பெண்களுக்கும் திறந்துவிடுவதிலேயே அவருடைய மிச்ச வாழ்க்கை கழிந்தது. 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறைக்கும் குழந்தைத் திருமணத்துக்கும் எதிராக வாதாடினார். இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் உறுப்பினராக இருந்தார். ஆதரவற்ற பெண்களுக்காகச் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தங்கை புற்றுநோயால் இறந்த துயரம் அவர் மனத்தில் தங்கியிருந்தது. 1954இல், பலர் ஓய்வு பெற்று உட்கார்ந்துவிடும் 67 வயதில், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22ஆம் நாள், 82 வயதை எட்ட எட்டு நாள் இருக்கும்போது மறைந்தார்.

மாணவர்களே, ஒருவருடைய வாழ்க்கையை வைத்து அறிவியல் முடிவுக்கு வர முடியாது. நன்கு படித்தவர்களுக்கும் மறதிநோய் வருகிறது. ஆனால் பல்லாயிரம் பேரை ஆராய்ந்தவர்கள் சொல்வதைக் கவனியுங்கள். 2018இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும் எனத் தெரிந்தது. ஆண்களை விடப் பெண்களிடமும், பள்ளிக்கே போகாதவர்களிடமும் அது அதிகம்.

பெண்கள் நீண்ட காலம் வாழ்வது இதற்கு ஒரு காரணம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் உடலின் மேல் போட்டுவிட முடியாது. இந்தியாவில் முதியோரை ஆராய்ந்தபோது, கல்வி வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தவுடன், நினைவாற்றலிலும் சிந்தனையிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே இருந்த இடைவெளி கணிசமாகச் சுருங்கியது. 2024இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. சிறுவயதில் போதிய கல்வி கிடைக்காமை அவற்றில் ஒன்று.

கல்வி எப்படி மூளையைக் காக்கிறது? குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நெடுஞ்சாலை அடைபட்டால் கூலாய் வழியாகப் பழைய சாலையில் போய்ச் சேரலாம். ஒரே சாலை மட்டும் இருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கற்கும்போதும், புதிய வேலையைப் பழகும்போதும், மற்றவர்களோடு பேசி விவாதிக்கும்போதும் மூளைக்குள் மாற்று வழிகள் பெருகுகின்றன. நோய் சில வழிகளை அடைத்தாலும் மற்றவை கொஞ்ச காலம் தாங்குகின்றன. இதை மூளையின் சேமிப்பு என்கிறார்கள். இந்தச் சேமிப்பு பள்ளியில் மட்டுமன்றி, வேலையிலும் முதுமையிலும்கூடச் சேரும். முத்துலட்சுமிக்கு அந்த வாய்ப்பு எழுபது வயதிலும் இருந்தது. என் பாட்டிக்கோ ஏழு வயதிலேயே பறிபோனது.

பாட்டியிடம் அறிவு இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த மரத்தில் எவ்வளவு பால் வரும் என்று பார்த்தே சொல்வார். வட்டிக்காரரின் கணக்கில் உள்ள தவற்றை மனக்கணக்காகவே பிடித்துவிடுவார். அத்தகைய மூளைக்குப் பள்ளியும் கிடைத்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பாட்டி மூன்று ஆண்டுகள் கழித்து இறந்தார். அந்த மூன்று ஆண்டுகளும் அவரைப் பார்த்துக்கொண்டது என் அம்மாவும் அத்தையும்தான். உலகம் முழுவதும் மறதிநோயாளிகளைக் கவனிக்கும் நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உங்கள் வீட்டிலும் பள்ளி வாசலை மிதிக்காத பாட்டி ஒருவர் இருக்கலாம். அவரை நினைவுச் சோதனைக்கு அழைத்துப் போனால், அவர் படிக்காதவர் என்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற சோதனைகள் உண்டு. அன்று நான் அதைச் சொல்லத் தவறினேன். தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ நோயாளியைக் கவனிக்கவோ உங்கள் வீட்டில் யாராவது படிப்பை விட வேண்டும் என்ற பேச்சு வந்தால், அது ஏன் எப்போதும் பெண் பிள்ளையாகவே இருக்கிறது என்றும் கேளுங்கள்.