ஸர் ஹம்ப்ரி டேவியும் காப்பு விளக்கும்

இங்கிலாந்தின் வடபால் நியூகாஸில் நகரையடுத்த பெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் 1812-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் வெடித்தது. ஆடவரும் சிறுவருமாக 92 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோரை அடக்கஞ் செய்தவர் ஜான் ஹாட்ஜ்ஸன் என்னும் குருவானவர். இத்தகைய செய்தி வெளியே பரவுவதைச் சுரங்க முதலாளிகள் விரும்பாத காலம் அது. ஆயினும் அவர் அக்கொடுமையை விரித்தெழுதி அச்சிட்டார். அடுத்த ஆண்டில் ஸண்டர்லாந்தில் சுரங்க விபத்துக்களைத் தடுத்தற்கென ஒரு சங்கம் எழுந்தது. அச்சங்கத்தைச் சார்ந்த ராபர்ட் கிரே என்னும் மற்றொரு குருவானவர் 1815-இல் துணை வேண்டி நாடியவரே நம் கட்டுரைத் தலைவர் டேவி.

அன்னார் 1778-ஆம் ஆண்டு டிஸம்பர் 17-ஆம் நாள் கார்ன்வால் நாட்டுப் பென்ஸான்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மரத்திற் சித்திரம் செதுக்குபவர். அவர் 1794-இல் இறக்கவே, மகனார் மருந்து கலக்கும் ஒரு வைத்தியரிடம் தொழில் பயிலலானார். பின்னர்ப் பிரிஸ்டல் நகரிற் சிரிப்பு வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து ஆராய்ந்தார். 1801-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனிற் சேர்ந்தார். வோல்டாவின் மின்கல அடுக்கைத் துணைக்கொண்டு 1807-இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் முதன்முதற் பிரித்தெடுத்தார். கரிமுனைகள் இரண்டிற்கிடையே எரியும் மின்வில்லைப் பெரிய அளவிற் காட்டியவரும் அவரே. இம்மின்வில்லை நம் வாசகர் நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

சுரங்க வாயு என்பது மீதேன். காற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருப்பின் அது வெடிக்கும். மெழுகுவர்த்திக்கு அஞ்சிய தொழிலாளர், சிக்கிமுக்கிக் கல்லில் எஃகுச் சக்கரத்தை உரசவிட்டுப் பறக்கும் பொறிகளின் ஒளியில் வேலை செய்தனர். அதுவும் சில வேளைகளில் வெடியை விளைத்தது. டேவி, ஹாட்ஜ்ஸன் புட்டிகளில் அடைத்தனுப்பிய வாயுவைத் தம் உதவியாளர் மைக்கேல் பாரடேயுடன் சோதித்தார். குறுகிய உலோகத் துளையினூடே தீச்சுடர் செல்லமாட்டாது. உலோகம் வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதாற் சுடர் வழியிலேயே அவிந்துவிடும். இதனைக் கண்டவர், ஓர் அங்குலத்தில் 28 கண்களுள்ள கம்பி வலையால் விளக்கின் சுடரைச் சூழ்ந்தார். வாயு உட்புகும், உள்ளேயே எரியும், தீ வெளிவராது.

1816-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் ஹெப்பர்ன் சுரங்கத்தில் ஹாட்ஜ்ஸனே அவ்விளக்கை ஏந்தி இறங்கினார். முன்னறிவிப்புப் பெறாத தொழிலாளி ஒருவன் இருளில் ஒளி நெருங்கிவரக் கண்டு, அதனை அவிக்குமாறு கூவியும் கெஞ்சியும் நின்றானாம். அவனது அச்சத்தை எண்ணுங்கால் நம் உள்ளம் நடுங்குகின்றது.

டேவி இதற்குப் பேடண்ட் உரிமை கோரவில்லை. எனினும் அன்னாரைக் குறையற்றவராகக் காட்ட யாம் விரும்பேம். அதே 1815-இல் கில்லிங்வொர்த் சுரங்கத்திற் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீவன்ஸன் தனியே ஒரு காப்பு விளக்கைச் செய்திருந்தார். பள்ளிப் படிப்பில்லாத ஒருவர் அதனைச் செய்திருத்தல் கூடும் என்பதை டேவி இறுதிவரை ஒப்பவில்லை. விளக்கிற்கும் குறையுண்டு. கடுங்காற்று வீசின் சுடர் வலையை ஊடுருவும். வலை துருப்பிடித்துக் கிழியின் காவல் இல்லை. முன்னர் ஆபத்தென மூடிய பகுதிகளையும் விளக்கை நம்பித் திறந்தமையாற் சாவுகள் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. இது விளக்கின் குற்றமன்று. அதனைக் காட்டி மாந்தரை அங்கே அனுப்பினார் குற்றமென்பதே எம் கருத்து.

மின்சாரம் சுரங்கத்துட் புகுந்தபோது பழைய இடர் புதுவடிவில் வந்தது. சுவிட்சைத் திறக்கும்போது தோன்றுவது டேவி காட்டிய மின்வில்லின் சிற்றுருவே. அதனை அடக்கும் பிளேம்புரூப் பெட்டியும் டேவியின் நெறியிலேயே இயங்குகின்றது. வாயு பெட்டிக்குட் புகுவதை முற்றும் தடுத்தல் அரிது. ஆதலால், உள்வெடியைத் தாங்கும் வலிமை பெட்டிக்கு வேண்டும். மூடியும் உடலும் பொருந்தும் அகன்ற விளிம்பின் இடுக்கிற் சுடர் குளிர்ந்து அவியவும் வேண்டும். மீதேன் வெடி கடவாத இடைவெளியின் எல்லை சோதனையில் 1.14 மில்லிமீட்டர், ஹைட்ரஜனுக்கோ 0.29 மட்டுமே. ஆகவே நிலக்கரிச் சுரங்கத்திற்குத் தக்க விநியோகப் பெட்டி ஹைட்ரஜன் வழங்கும் ஆலைக்குத் தகாது. வாயு எப்போதும் நிலவும் இடமா, எப்போதேனும் கசியும் இடமா என்பதும் ஆராயப்படும். பெட்டியின் புறவெப்பமும் அவ்வாறே: டி1 வகை 450 பாகை செல்ஷியஸ் வரை ஏறலாம், டி6 வகை 85-ஐத் தாண்டலாகாது. விளிம்பிற் கீறல் விழினும், ஒரு போல்ட்டு விடுபடினும், அப்பெட்டி கிழிந்த வலைக்கு ஒப்பாம்.

டேவி 1820 முதல் 1827 வரை ராயல் சொஸைட்டியின் தலைவராயிருந்து, நோயுற்று, 1829-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் ஜெனீவா நகரிற் காலஞ்சென்றார். சுரங்க முதலாளிகள் நன்றியுடன் அளித்த வெள்ளிப் பாத்திரங்கள் அவரது விருப்பத்தின்படி பிற்காலத்தில் விற்கப்பட்டன. அப்பொருளைக் கொண்டு நிறுவிய டேவி பதக்கம் 1877-இல் முதன்முறை வழங்கப்பட்டது.