இரு நகரங்களை வரைந்த பிட்வெல்

கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே, செங்கல் சுவர்களும் செப்புக் குவிமாடங்களும் கொண்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் நிற்கிறது. சிங்கப்பூரின் பீச் சாலையில் ராஃபிள்ஸ் ஹோட்டல் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஒன்று மொகலாய அரண்மனையை நினைவூட்டுகிறது; மற்றொன்று ஐரோப்பிய மாளிகையைப் போல் இருக்கிறது. இரண்டின் தோற்றத்தையும் வரைந்தவர் ஒருவரே என்றால் பலர் நம்பமாட்டார்கள். அவர் பெயர் ரீஜன்ட் ஆல்ஃபிரட் ஜான் பிட்வெல்.

1869ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த பிட்வெல், முறையாகக் கட்டடக்கலை பயின்றவர். லண்டனில் சில காலம் பணியாற்றிய பிறகு, இருபத்து நான்கு வயதளவில் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தார். சிலாங்கூர் பொதுப்பணித் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது.

அப்போது கோலாலம்பூரில் அரசாங்க அலுவலகங்களுக்காகப் பெரியதொரு கட்டடம் எழுப்பத் திட்டமிடப்பட்டிருந்தது. அரசாங்கக் கட்டடக்கலைஞர் நார்மன் அதற்கு ஐரோப்பியப் பாணியில் ஒரு வரைபடம் தயாரித்தார். துறையின் தலைமைப் பொறியாளர் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த அவர், முஸ்லிம் சுல்தான் ஆளும் மாநிலத்திற்கு இஸ்லாமியச் சாயல் கொண்ட கட்டடமே பொருந்தும் என்று கருதினார். அந்தப் புதிய முகப்பை வரையும் பொறுப்பு இளைஞர் பிட்வெல்லிடம் வந்தது. குதிரை லாட வடிவ வளைவுகள், வெங்காய வடிவக் குவிமாடங்கள், நீண்ட தாழ்வாரம் என்று அவர் வரைந்தார். இந்தியாவில் ஆங்கிலேயர்கள் வளர்த்த இந்தோ-சாரசெனிக் பாணியின் சாயல் அதில் தெரிந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அதே பாணியில் எழுந்ததுதான்.

1894இல் தொடங்கிய கட்டுமானம் 1897இல் முடிந்தது. ஆனால், அது முடிந்தபோது பிட்வெல் அங்கே இல்லை. 1895லேயே அவர் அரசாங்க வேலையை விட்டுச் சிங்கப்பூருக்குச் சென்றுவிட்டார். மீதி வரைபட வேலையை மற்றவர்கள் தொடர்ந்தனர். பெருமையும் நெடுங்காலம் நார்மன் ஒருவருக்கே சேர்ந்தது. கட்டடங்களுக்குப் பின்னால் பல கைகள் இருக்கும். பதவியில் பெரியவர் பெயரே வெளியே தெரியும். இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

சிங்கப்பூரில் அவர் சேர்ந்த நிறுவனம் ஸ்வான் அண்ட் மெக்லாரன். அதை நிறுவிய இருவருமே பொறியாளர்கள். பாலமும் சாலையும் அமைப்பதில் வல்லவர்கள்; அழகிய மாளிகைகளை வடிவமைக்க அவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஒரு கட்டடக்கலைஞர் தேவைப்பட்டார். பிட்வெல் அந்த இடத்தை நிரப்பினார். சில ஆண்டுகளிலேயே நிறுவனத்தின் பங்காளியும் ஆனார்.

ஐரோப்பிய மாளிகையை அப்படியே கொண்டுவந்து வெப்பமண்டலத்தில் நிறுத்தினால், உள்ளே இருப்பவர்கள் வியர்த்துக் களைத்துப்போவார்கள். அன்று குளிர்சாதன வசதி கிடையாது. சுவருக்கு வெயில் படக்கூடாது. மழைச்சாரல் அறைக்குள் வரக்கூடாது. ஆனால் காற்று மட்டும் தடையின்றி நுழைய வேண்டும். பிட்வெல் இதை நன்கு புரிந்துகொண்டார். 1899இல் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் ஹோட்டலின் முதன்மைக் கட்டடத்தில் கூரை உயரமாக இருக்கிறது. அகலமான தாழ்வாரங்கள் அறைகளுக்கு நிழல் தருகின்றன. வெளியே தெரியும் தூண்களும் வளைவுகளும் ஐரோப்பாவுடையவை. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நிழல் இந்த மண்ணின் தேவை.

அடுத்த சில ஆண்டுகள் அவர் ஓயாமல் உழைத்தார். 1900இல் ஜெர்மானியர்களுக்காக ஸ்காட்ஸ் சாலையில் ஒரு மன்றத்தைக் கட்டினார். கூர்மையான கோபுரம் கொண்ட அந்தக் கட்டடமே இன்றைய குட்வுட் பார்க் ஹோட்டல். ஸ்டாம்ஃபர்டு சாலையும் ஹில் ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில் 1904இல் மூன்று மாடி வணிகக் கட்டடம் ஒன்றை வடிவமைத்தார். வெனிஸ் நகர மாளிகைகளைப் போல வரிசை வரிசையாக வளைவுச் சன்னல்கள் கொண்டது அது. வணிகத்துக்காக எழுந்த அந்தக் கட்டடம் பின்னர் ஹோட்டலாக மாறியது. ஸ்டாம்ஃபர்டு ஹவுஸ் என்று பெயர் பெற்றது.

விக்டோரியா நினைவு மண்டபம்தான் அவருக்குக் கடினமான வேலையாக இருந்திருக்கும். 1901இல் மறைந்த விக்டோரியா அரசியாரின் நினைவாக எழுப்பப்பட்ட அது, பழைய நகர மண்டபத்தின் அருகிலேயே அமைந்தது. 1862இல் கட்டப்பட்ட பழைய மண்டபமும் புதியதும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பிட்வெல் பழைய மண்டபத்தைப் போலவே புதியதை வடிவமைத்து, நடுவில் உயரமான கடிகாரக் கோபுரத்தை வைத்தார். 1905இல் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. 1909க்குள் பழைய மண்டபமும் புதிய முகப்புப் பெற்று நாடக அரங்கமாக மாறியது. இன்று பார்ப்பவர்களுக்கு எது முந்தியது என்று சொல்வது எளிதல்ல.

அதே 1909இல், அவர் பங்காளியாக இருந்த நிறுவனம் அல்காஃப் குடும்பத்தாருக்காக ஒரு கட்டடத்தை வடிவமைத்தது. அதை வரைந்தவர் நிறுவனத்தின் மற்றொரு கட்டடக்கலைஞரான கிரேக். காலியர் கீயிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை, கூரைக்கடியில் நடந்தபடியே கடைகளைப் பார்த்துச் செல்லலாம். கடைகளோடு அலுவலகங்களும் அதில் இருந்தன. மூரிஷ் பாணியில் அமைந்த அந்த ஆர்கேட், கடலிலிருந்து கப்பலில் வருவோர் கண்ணில் உடனே படும்.

பின்னர் பிட்வெல் நிறுவனத்தை விட்டு விலகித் தனியாகத் தொழில் நடத்தினார். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஐம்பது வயதை எட்டுமுன்பே, சிங்கப்பூரிலேயே காலமானார்.

ஆர்கேட் 1978இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் உயரமான அலுவலகக் கட்டடம் வந்தது. பிட்வெல் வரைந்தவற்றில் பல தப்பிப் பிழைத்தன. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி பிறந்த நள்ளிரவில், சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் எதிரே பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாவின் கொடி ஏறியது. ஸ்டாம்ஃபர்டு ஹவுஸ் 2018இல் மீண்டும் ஒரு ஹோட்டலின் பகுதியாகத் திறக்கப்பட்டது. 1898இல் அவர் ஒரு வழக்கறிஞருக்காகக் காலப் சாலையில் கட்டிய அட்பாரா இல்லம், இப்போது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கிறது. வழக்கறிஞர் வாழ்ந்த அறைகளில், காடுகளைப் பற்றிய காட்சிப் பொருள்களைப் பார்த்தபடி பள்ளி மாணவர்கள் நடந்துபோகிறார்கள்.