ஜகதீச சந்திர போஸும் வளைந்த கோடும்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. மாணவி ஒருத்தி மின்தடையாக்கி ஒன்றைப் பேட்டரியோடு இணைத்து, வோல்ட்மீட்டரையும் மில்லி அம்மீட்டரையும் பார்த்துப் பார்த்து அளவுகளைக் குறிக்கிறாள். வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்துச் சேர்த்தால் அழகான நேர்கோடு வருகிறது. அடுத்து மின்தடையாக்கியை எடுத்துவிட்டு ஒரு டையோடை வைக்கிறாள். அரை வோல்ட் வரை மீட்டரின் முள் அசையக் காணோம். 0.6, 0.7 வோல்ட் வந்ததும் விருட்டென்று எழுந்து ஓடுகிறது. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு தரையோடு தரையாய்ப் போய்த் திடீரென நிமிர்கிறது. தவறு செய்துவிட்டோமோ என்று பயந்து, ரப்பரால் அழித்து, அடிக்கோல் வைத்து நேராக்கிக் கொண்டுவந்து நீட்டிய பிள்ளைகளும் உண்டு. நம் ஆலத்தூர் நாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு என்றால் இருக்கும் பயம் அப்படிப்பட்டது.

அந்த வளைந்த கோட்டை அழிக்காமல் வைத்துக்கொண்ட ஒருவரின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

ஜகதீச சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் அரசாங்கத்தில் துணை மாஜிஸ்திரேட். பதவியிலிருந்தோர் எல்லாம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த காலத்தில், அவர் தம் மகனை வங்காளமொழிப் பள்ளிக்கே அனுப்பினார். வகுப்பில் ஒரு புறம் மீனவர் வீட்டுப் பையன், மறு புறம் வீட்டு ஏவலாளரான ஒரு முஸ்லிமின் மகன். மீன்களையும் பறவைகளையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டே தமக்கு இயற்கையின்மேல் ஆசை பிறந்ததாகப் பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். சிறுவனைப் பள்ளிக்குத் தூக்கிச் சென்றவரோ ஒரு முன்னாள் கொள்ளைக்காரர்! பகவான் சந்திரரே அவருக்குச் சிறைத்தண்டனை விதித்திருந்தார். விடுதலையாகி வந்து பிழைக்க வழி கேட்டபோது, தம் பிள்ளையையே அவர் கையில் ஒப்படைத்தார். இப்படி ஒரு தகப்பனாரை எங்கே காண்பது?

பின்னர் கல்கத்தாவில் யேசு சபையார் நடத்திய தூய சவேரியார் பள்ளியில் சேர்ந்தார். ஆங்கிலம் சரளமாக வராத நாட்டுப்புறத்துப் பையனை மற்றவர்கள் கேலி செய்தனர். 1875-இல் நுழைவுத் தேர்வில் தேறி, சவேரியார் கல்லூரி மாணவரானார். அங்கேதான் அருட்தந்தை யூஜின் லாஃபோன் சே.ச. அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

பெல்ஜியம் நாட்டவரான லாஃபோன் அடிகளார் 1865-இல் இந்தியாவுக்கு வந்தவர். விஞ்ஞானத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் செய்யச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. கருவியை மேசைமேல் வைப்பார், இயக்குவார், மாணவர் கண்ணாரக் காண்பர். பொதுமக்களுக்கும் மாலை வேளைகளில் சோதனைகளைச் செய்து காட்டினார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கியபோது உடன் நின்று உதவியவரும் அவரே. நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன் பிற்காலத்தில் அந்தச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் உழைத்து, 1928-இல் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டார். செடிகொடிகளில் மனம் லயித்திருந்த போஸைப் பௌதிகத்தின் பக்கம் திருப்பியது லாஃபோன் அடிகளாரின் மேசைதான் என்றால் மிகையாகாது.

1880-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார். காய்ச்சல் விடவில்லை. சவ அறுவைக்கூடத்தின் நாற்றம் உடலை மேலும் கெடுத்தது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கு ராலே பிரபு அவருக்கு ஆசான். 1885-இல் நாடு திரும்பி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார்.

அங்கே ஒரு அநீதி காத்திருந்தது. ஐரோப்பியப் பேராசிரியர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிகப் பதவி என்பதால் அதிலும் பாதியே போஸுக்குக் கிடைக்கும். அவர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிடவில்லை. வகுப்பை ஒழுங்காக நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. இப்படி மூன்று ஆண்டுகள்! தந்தையார் பொதுக்காரியங்களில் இறங்கிப் பெருங்கடன்பட்டிருந்த நேரம் அது என்பதை மறக்கக்கூடாது. இறுதியில் அதிகாரிகள் மனம் மாறி, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டு வழங்கினர். அந்தப் பணம் குடும்பக் கடனை அடைக்கப் போயிற்று.

இதற்கிடையே 1887-இல் அபலா தாஸ் அவர்களை மணந்தார். இந்த அம்மையாரை நம் மாணவியர் அறிந்துகொள்ள வேண்டும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லாத காலத்தில், மருத்துவம் படிப்பதற்கென்றே 1882-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். உடல்நலம் குன்றியதால் படிப்பை முடிக்க இயலாமல் ஊர் திரும்ப நேர்ந்தது.

போஸின் ஆராய்ச்சி 1894-இல் தொடங்குகிறது. மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்ஸ்வெல் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். ஹெர்ட்ஸ் 1888-இல் செய்து காட்டியிருந்தார். போஸ் மிகச் சிறிய அலைகளை, 5 மில்லிமீட்டர் நீளம் உள்ளவற்றை, உண்டாக்கினார். ஆய்வுக்கூடம் என்று பெயருக்கு ஒரு சிறு அறை, உதவிக்குப் படிப்பறியாத ஒரு தகரக் கொல்லர். ஒளியை வடிகட்டும் படிகத்தைப் போல மின்னலையை வடிகட்ட ஒரு கருவி தேவைப்பட்டது. பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, ஏட்டுக்கு ஏடு ஈயத்தாளைச் செருகி வைத்தார். வேலை முடிந்தது! முறுக்கிய சணலையும் அவ்வாறே பயன்படுத்தினார். கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் எழுப்பிய அலை, லெப்டினன்ட் கவர்னரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்று, அப்பாலிருந்த அறையில் மணியை அடித்தது, வெடிமருந்தை வெடிக்க வைத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிஞர் கூட்டத்தின் முன் இவற்றைச் செய்து காட்டினார்.

அலையை எழுப்புவது ஒரு பாதி வேலை. வந்து சேர்ந்ததை அறிவது எப்படி? பாரிஸ் கத்தோலிக்கக் கழகத்தின் பேராசிரியர் எடுவார் பிரான்லி 1890-இல் ஒரு வழி கண்டிருந்தார். கண்ணாடிக் குழாயில் இரும்புத் தூளை நிரப்பினால் அது மின்சாரத்தை எளிதில் விடாது. அலை வந்து பட்டதும் தூள்கள் ஒட்டிக்கொண்டு வழிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டித் தூளை உதிர்த்தால்தான் அடுத்த அலையை அறியலாம். வங்காளத்தின் ஈரக் காற்றில் தூள் துருவும் பிடித்தது. போஸ் தூளை நீக்கிவிட்டு எஃகுச் சுருள்களை வைத்தார். பின்பு 1899-இல் இரும்புக்கும் இரும்புக்கும் இடையே பாதரசத்தை வைத்தார். அது தட்டாமலே தானாக மீண்டது. அதன்பின் பல பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, கூரிய முனையால் தொட்டு, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, மின்னோட்டத்தை அளந்து கோடு வரைந்தார்.

இந்த இடத்தில்தான் நம் ஆய்வுக்கூடத்து மாணவி வருகிறாள்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் புரிந்துகொண்டால் மின்சுற்றின் அரிச்சுவடி முடிந்தது. நம் மலையின் ஆகாய கங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் விழும் உயரம் மின்னழுத்தம், ஓடும் நீரின் அளவு மின்னோட்டம், குறுக்கே கிடக்கும் பாறைகள் மின்தடை. அழுத்தம் இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்காகும் என்று 1827-இல் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரான ஓம் வெளியிட்டார். அதுவே நேர்கோடு. போஸ் தொட்டுப் பார்த்த பொருள்கள் பல இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. கலீனா எனும் பளபளக்கும் ஈயத் தாதுக் கல்லில் அழுத்தம் கூடக்கூடத் தடையே குறைந்தது, கோடு வளைந்தது. தவறு என்று அவர் அழிக்கவில்லை. திரும்பத் திரும்ப அளந்தார், வளைவு மாறாமல் நின்றது. அந்த வளைவே அலையை அறியும் கருவியாகும் என்று கண்டுகொண்டார்.

வளைவினால் என்ன பயன் என்று கேட்கலாம். திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஏரியல் கம்பியில் மின்சாரம் வினாடிக்கு 9 லட்சத்து 36 ஆயிரம் முறை முன்னும் பின்னும் ஆடும். காதில் வைக்கும் ஹெட்போனின் தகடு அவ்வளவு வேகத்தில் அசையாது. முன்னே தள்ளும் அளவுக்குப் பின்னே இழுப்பதால் அது சும்மா நிற்கும். நடுவே ஒரு கலீனாக் கல்லை வைத்துவிட்டால், சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாததுபோல, மின்சாரம் ஒரு பக்கமே செல்லும். இப்போது தள்ளல் மட்டுமே மிஞ்சும். பாடுபவரின் குரல் ஏற ஏற அலையின் வீச்சு ஏறும், தள்ளலும் ஏறும், தகடும் ஏறும். குரல் தாழ்ந்தால் தகடும் தாழும். கம்பிச்சுருள், மின்தேக்கி, படிகம், ஹெட்போன் ஆகிய நான்கோடு மேலே ஓர் ஏரியல், கீழே மண்ணுக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். பேட்டரிகூட வேண்டாம், வந்து சேரும் அலையே வேலையைச் செய்துவிடும். 1920-களில் உலகமெங்கும் பல வீடுகளில் பாட்டுக் கேட்டது இத்தகைய படிக வானொலியில். நம் சென்னையிலும் 1924 ஜூலை 31-இல் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது.

குரலின் ஏற்ற இறக்கத்தை மின்சாரம் அப்படியே ஒத்து ஏறி இறங்குவதால்தான் இதை ஒப்புமைச் சுற்று, அனலாக் சுற்று என்கிறோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் நம் மலைச் சாலையைப் போல, உயரம் விட்டுப்போகாமல் சிறிது சிறிதாகக் கூடும். கம்ப்யூட்டருக்குள் நடப்பதோ ஆகாய கங்கைக்கு இறங்கும் படிக்கட்டைப் போன்றது. ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், இடையே நிற்க இடமில்லை. படிக்கட்டைப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் சாலையில் நடந்து பழகுவது நல்லது என்பது என் எண்ணம்.

போஸ் பொருளாசை அற்றவர். 1901-இல் லண்டனில் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் வந்து, காப்புரிமை பெற்று இலாபத்தில் பங்கு கொள்ளலாம் என்று வற்புறுத்தியதையும், தாம் மறுத்ததையும் கவி தாகூருக்கு எழுதினார். ஆயினும் சகோதரி நிவேதிதாவும் சாரா புல் அம்மையாரும் விடவில்லை. அவர்களது தூண்டுதலால் 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பம் கொடுக்கப்பட்டு, 1904 மார்ச் 29-இல் கலீனாக் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த முதல் காப்புரிமையாக இதனைக் கூறுவர். போஸ் அதிலிருந்து ஒரு காசும் சேர்க்கவில்லை. இத்துறவு மனப்பான்மையைப் பலரும் போற்றுகிறார்கள். நானும் போற்றுகிறேன். ஆனால் அந்த இரு பெண்மணிகளும் பிடிவாதம் பிடித்திராவிட்டால், போஸ் செய்தது இன்னதென்று காட்டும் அந்தத் தெளிவான சாட்சியம் இன்று நம் கையில் இருந்திராது.

வானொலியைக் கண்டுபிடித்தவர் போஸ், பெயரைத் தட்டிச் சென்றவர் மார்க்கோனி என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1901 டிசம்பர் 12-இல் அட்லாண்டிக் கடல் கடந்து வந்த குறியீட்டை மார்க்கோனி கேட்டது ஒரு பாதரசக் கருவியில். அது போஸ் 1899-இல் வெளியிட்டதன் வழி வந்ததே என 1998-இல் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டியது. தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்பப் பாடுபட்டவர் மார்க்கோனி என்பதும் உண்மை. படிகத்தில் மின்சாரம் இரு பக்கமும் ஒன்றுபோல் ஓடாது என்பதைப் பிரவுன் என்ற ஜெர்மானியர் 1874-லேயே கண்டிருந்தார். அப்படிகத்தை அலையை அறியப் பயன்படுத்திய முதல்வர் போஸ். டிரான்சிஸ்டரை 1947-இல் உருவாக்கியவருள் ஒருவரான பிராட்டெயின் இப்பெருமையைப் போஸுக்கே அளித்திருக்கிறார்.

தம் கலீனாக் கருவி வானொலி அலையோடு ஒளியையும் உணர்வதைக் கண்ட போஸ், அதற்குத் தேஜோமீட்டர் என்று பெயரிட்டார். கருவிகள் களைப்படைவதையும் ஓய்வுக்குப்பின் தெளிவதையும் கண்டு, உயிருள்ளவை எப்படி என்று எண்ணத் தலைப்பட்டார். பிள்ளைப் பருவத்துச் செடிகொடிகள் மீண்டும் வந்துவிட்டன! தாவரங்களின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை அமைத்தார். அவர் முடிவுகள் சிலவற்றை அறிஞர்கள் ஏற்கவில்லை, சிலவற்றைப் பல ஆண்டுகள் கழித்தே ஏற்றனர். 1917 நவம்பர் 30-இல், தம் பிறந்த நாளன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1920-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1937 நவம்பர் 23-இல் கிரிதி என்னும் ஊரில் காலமானார். அவரது கருவிகளைப் போஸ் நிலையத்தின் காட்சிக்கூடத்தில் காணலாம். சென்னையில் மருத்துவப் படிப்பை விட்டுத் திரும்பிய அபலா அம்மையார் 1919-இல் நாரி சிக்ஷா சமிதி என்ற சங்கத்தைத் தொடங்கி, வங்காளக் கிராமங்களில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகள் பல அமைத்தார். கணவருக்குப் பின்னும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1951-இல் மறைந்தார்.