மூளையை வரைந்த மேதை

ஸ்பெயின் நாட்டில் பெட்டில்லா என்னும் சிற்றூரில் 1852-ஆம் ஆண்டு மே முதல் நாள் பிறந்தவர் சாந்தியாகோ ராமோன் இ கஹால். ஓவியராக வேண்டும் என்பதே அவரது இளமைக் கனவு. மருத்துவரான தந்தையோ அதை விரும்பவில்லை. குறும்பு மிகுந்த மகனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். பின்னர் மனித எலும்புகளைக் கொடுத்து வரையச் செய்தார். ஓவிய ஆசையே கஹாலை மருத்துவத்திற்கு அழைத்து வந்தது!

1873-இல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவராகக் கியூபா சென்ற அவர், மலேரியாவால் நலிந்து திரும்பினார். பின்பு சொந்தப் பணத்தில் ஒரு நுண்ணோக்கி வாங்கினார்.

அக்காலத்தில் மூளை முழுவதும் ஒரே தொடர்ச்சியான வலை என்றே அறிஞர் பலர் நம்பினர். இத்தாலிய அறிஞர் கோல்ஜி 1873-இல் ஒரு வழி கண்டிருந்தார். திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் கெட்டிப்படுத்தி, சில்வர் நைட்ரேட்டில் ஊறவைத்தால், ஒருசில செல்கள் மட்டும் கிளைகளோடு கறுத்துத் தெரியும். ஆனால் அம்முறை பலமுறை பொய்த்துப் போகும். ஆகவே அதைக் கையாண்டவர் மிகச் சிலரே.

1887-இல் அத்தகைய தகடு ஒன்றைக் கண்ட கஹால், அம்முறையைச் செம்மைப்படுத்த முனைந்தார். திசுவை இருமுறை ஊறவைத்தார். வளர்ந்த நரம்பின் கொழுப்புறை சாயத்தைத் தடுப்பதால், கோழிக்கருவையும் இளம் விலங்குகளையும் தேர்ந்தெடுத்தார். கிளைகள் அறுபடாதிருக்கச் சற்றுத் தடிப்பாகவே சீவி, கண்ணாடித் தகட்டில் பிசினிட்டுப் பதித்தார். கண்டவற்றையெல்லாம் வரைந்தார். ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தே நிற்கிறது; அதன் கிளை நுனிகள் அடுத்ததைத் தொட்டு ஒன்றாகிவிடவில்லை என்று தெளிந்தார்.

1888-இல் சொந்தச் செலவில் இதழ் அச்சிட்டு அதனை வெளியிட்டார். உலகம் கவனிக்கவில்லை. மறு ஆண்டே தகடுகளைச் சுமந்து பெர்லின் மாநாட்டிற்குச் சென்றார். மூத்த அறிஞர் கோலிக்கர் நுண்ணோக்கியில் பார்த்தார், ஏற்றுக்கொண்டார்.

1906-இல் கோல்ஜிக்கும் கஹாலுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. விந்தை என்னவெனில், கோல்ஜி அந்த மேடையிலும் கஹாலின் கொள்கையை மறுத்தே பேசினார். சாயம் ஒன்று, கண்ட காட்சி வேறு! 1934-இல் கஹால் மறைந்தார். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி செல்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டி, அவர் கூற்றை உறுதி செய்தது.

தோழியரே, நம் ஆய்வகத்தில் தண்டைச் சீவும்போது துண்டு கிழிந்தால் சலித்துக் கொள்கிறோம். பக்கத்துத் தோழியின் படத்தைப் பார்த்து வரைந்துவிடுகிறோம். மீண்டும் ஒருமுறை சீவுவோம். நம் கண் கண்டதையே வரைவோம். கஹால் செய்ததும் அதுதான்.